மனம் வாடும்போது மூளைக்குள் நடப்பதென்ன?



இப்படியொரு பெண்ணை நீங்களும் உங்கள் ஊரில் கண்டிருப்பீர்கள். பிள்ளை பெற்று மூன்று மாதம். மாப்பிள்ளை வெளிநாட்டில். மாதா மாதம் காசு வருகிறது. வீட்டில் மாமியும் மதினியும் உதவிக்கு இருக்கிறார்கள். அவளோ விடிந்தும் பாயை விட்டு எழும்புவதில்லை. பிள்ளை அழுதால் வெறித்துப் பார்க்கிறாள். போட்டு வைத்த சோறு வைத்தபடியே ஆறிப்போகிறது. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் சுபஹு வரை கண் மூடுவதில்லை. என்ன என்று கேட்டால், "ஒண்டுமில்ல மாமி" என்பாள். கண் மட்டும் கலங்கும்.

"இவளுக்கு என்ன குறை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "சோம்பல்" என்பார் ஒருவர். "கண்ணூறு பட்டிருக்கும்" என்பார் இன்னொருவர். "ஈமான் குறைந்தால் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார் மற்றொருவர். கடைசியில் யாரோ ஒரு நல்ல மனுஷி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, டொக்டர் குளிசை எழுதிக் கொடுப்பார். பத்து நாள் குடிப்பாள். பலன் எதுவும் தெரியாது. வயிற்றைப் பிரட்டும், தலை இடிக்கும். "இது சரிவராது, வீணாகக் குளிசைக்குப் பழகிப் போவாய்" என்று வீட்டில் சொல்வார்கள். மீதிக் குளிசை அலுமாரிக்குள் போய்விடும். வைத்தியமும் அத்தோடு முடிந்துவிடும்.

அந்தப் பத்தாம் நாளைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். குளிசையைக் கைவிடுவதற்கு அதைவிடப் பிழையான நாள் வேறில்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, மூளைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம். சமையலறையையும் வீட்டுத் தோட்டத்தையும் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

கவலை வேறு, மனச்சோர்வு வேறு

கவலை இல்லாத மனிதர் இல்லை. மையித்து நடந்த வீட்டில் அழுகை இருக்கும். கடன் உள்ள வீட்டில் நித்திரை குறையும். அது நோயல்ல. நாட்கள் போகப் போக அந்தத் துக்கம் தணியும். இடையில் ஒரு குழந்தையின் சிரிப்பைக் கண்டால் முகம் மலரும்.

மனச்சோர்வு நோய் அப்படியல்ல. குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடக்கும். அல்லது முன்பு விருப்பமாயிருந்த எதிலும் விருப்பம் இராது. அதனோடு நித்திரை கெடும், அல்லது மிதமிஞ்சி வரும். பசி மாறும். உடல் கல்லைப் போலக் கனக்கும். யோசிக்கவும் தீர்மானிக்கவும் முடியாது. "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்ற எண்ணம் குடையும். சிலருக்கு மரணத்தைப் பற்றிய நினைவு திரும்பத் திரும்ப வரும். இத்தகைய அறிகுறிகளில் ஐந்தேனும் சேர்ந்திருந்தால் வைத்தியர்கள் இதனை நோயாகக் கணிக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை மேற்கத்திய வைத்தியர்கள்தான் முதலில் கண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு நகரப் பகுதியில் பிறந்து, 934ஆம் ஆண்டளவில் காலமான அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலினதும் உள்ளத்தினதும் நலம் பற்றி 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்' என்றொரு நூல் எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணம் தெரியாமல் உடலுக்குள்ளிருந்தே எழும் துக்கம் இன்னொன்று என்று அவர் அதில் பிரித்துக் காட்டினார். பின்னதற்கு உடல் சார்ந்த வைத்தியமும் தேவை என்பது அவர் கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவர் காரணத்தை இரத்தத்தில் தேடினார். இன்றைய விஞ்ஞானம் அதை மூளையின் கலங்களில் தேடுகிறது. ஆனால் "இது குணக்கேடு அல்ல, நோய்" என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான்.

ஒழுங்கையில் ஓடும் சிறுவன்

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் கிளை விட்ட மரம் போன்றது. ஒன்றின் கிளை நுனி மற்றொன்றின் அருகே வரும், ஆனால் தொடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கும். ஒரு மில்லிமீற்றரை ஐம்பதாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறளவு!

இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள ஒழுங்கையாக இதை எண்ணிப் பாருங்கள். இந்த வீட்டு உம்மா, பக்கத்து வீட்டுக்கு ஒரு செய்தி சொல்லியனுப்ப வேண்டும். மகனை அனுப்புகிறார். அவன் ஒழுங்கையைக் கடந்து கதவைத் தட்டிச் செய்தியைச் சொல்கிறான். வேலை முடிந்ததும் தன் வீட்டுக்கே ஓடி வந்துவிடுகிறான். அடுத்த செய்திக்கு மறுபடியும் அவனையே அனுப்பலாம்.

மூளையில் அந்தச் சிறுவனின் வேலையைச் செய்பவை சில இரசாயனப் பொருட்கள். செரட்டோனின், நோர் அட்ரீனலின், டொபமின், குளூட்டமேற்று, காபா என்று அவற்றுக்குப் பல பெயர்கள். ஒரு கலம் இவற்றை ஒழுங்கைக்குள் விடும். மறு கலத்தின் மேல் உள்ள 'கதவுகளில்' இவை போய் ஒட்டும். செய்தி சேர்ந்ததும், அனுப்பிய கலமே பெரும்பாலானவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எமது நித்திரை, பசி, உற்சாகம், பயம், ஞாபகம் எல்லாம் இந்தப் போக்குவரத்தில்தான் தங்கியிருக்கின்றன.

காசநோய் வார்டில் கேட்ட சிரிப்பு

மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. வேறு ஒன்றைத் தேடப் போய் அகப்பட்டவை.

1952ஆம் ஆண்டு. நியூயோர்க் நகரின் ஸ்டேற்றன் தீவில் சீ வியூ என்ற காசநோய் வைத்தியசாலை. அங்கு ஐப்ரோனியசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாளெல்லாம் சோர்ந்து படுத்திருந்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள். சிரித்தார்கள். வார்டுக்குள் ஆடவும் செய்தார்கள். இந்த மருந்து மூளையின் தூதுப் பொருட்களைச் சிதைக்கும் ஒரு நொதியத்தைத் தடுக்கிறது என்பது அதே காலத்தில் தெரியவந்தது. 1957இல் மனச்சோர்வு நோயாளிகளுக்கே இதைக் கொடுத்துப் பலன் கண்டார்கள். ஈரலுக்குக் கேடு செய்ததால் பின்னர் இந்த மருந்து பெரும்பாலும் கைவிடப்பட்டது.

சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரிக்கரையில் உள்ள மூன்ஸ்டர்லிங்கன் மனநோய் வைத்தியசாலையில் ரோலண்ட் கூன் என்ற வைத்தியர் இமிப்பிரமின் என்ற மருந்தைப் பரிசோதித்தார். அது வேறொரு மனநோய்க்கென அனுப்பப்பட்டது. அந்த நோய்க்கு உதவவில்லை. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களைத் தேற்றியது. 1957இல் அவர் இதை வெளியிட்டார். அது எப்படி வேலை செய்கிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானி ஜூலியஸ் அக்செல்ரொட் 1961இல் காட்டினார். ஒழுங்கையில் ஓடிய சிறுவன் வீட்டுக்குத் திரும்பும் வாசலை இந்த மருந்து பூட்டிவிடுகிறது! அதனால் அவன் வெளியிலேயே நின்று மீண்டும் மீண்டும் கதவைத் தட்டுகிறான். தூதுப் பொருட்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1970இல் அக்செல்ரொட்டுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

மூன்றாவது தடயம் எமது மண்ணுக்கும் சொந்தமானது. சர்ப்பகந்தி என்ற மூலிகையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இலங்கையிலும் இந்தியாவிலும் வளர்வது. சிங்களத்தில் ஏகவேரிய என்பார்கள். அதன் வேரில் உள்ள ரிசர்பின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தாக 1950களில் உலகமெங்கும் பரவியது. அதைக் குடித்தவர்களில் சிலர் மனம் சோர்ந்து போனதாக வைத்தியர்கள் எழுதினார்கள். 1955இல் முயல்களில் செய்த ஆய்வில், ரிசர்பின் மூளையில் உள்ள செரட்டோனினை வெறுமையாக்கிவிடுவது தெரிந்தது.

மூன்று தடயங்களையும் சேர்த்துப் பார்த்தவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? "தூதுப் பொருள் குறைந்தால் மனச்சோர்வு, கூடினால் சுகம்" என்பதுதான். 1965 முதல் இந்தக் கருத்து வலுப்பெற்றது. செரட்டோனினை மட்டும் குறிவைக்கும் ஃபுளுவொக்செட்டின் 1987 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பின் "மூளையில் செரட்டோனின் குறைந்துவிட்டது" என்ற வசனம் உலகெங்கும் பரவிவிட்டது.

அந்த வசனம் முழு உண்மையா?

இல்லை. இதையும் நாம் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

தலையிடிக்கு பனடோல் போட்டால் சுகமாகிறது. அதற்காக, உடம்பில் பனடோல் குறைந்ததால்தான் தலை இடித்தது என்று எவரும் சொல்வோமா? அதுபோல, செரட்டோனினைக் கூட்டும் குளிசை உதவுகிறது என்பதால், செரட்டோனின் குறைவுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடாது. நோய் இல்லாதவர்களின் உடலில் செரட்டோனின் உற்பத்தியை வேண்டுமென்றே சில மணி நேரம் குறைத்துப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சோர்வு வரவில்லை. 2022இல் லண்டன் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்து, செரட்டோனின் குறைவால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றார்கள். இதைக் கேள்விப்பட்டுப் பலர் "அப்படியானால் குளிசையும் பொய்" என்று நினைத்துவிட்டார்கள். அது பிழை. விளக்கம்தான் குறைபாடானது. பலருக்கு அந்தக் குளிசை உதவுகிறது என்பது வேறு பல பரிசோதனைகளில் கண்ட உண்மை.

இன்னொரு புதிரும் இருக்கிறது. குளிசை குடித்த சில மணி நேரத்திலேயே ஒழுங்கையில் செரட்டோனின் கூடத் தொடங்கிவிடுகிறது. ஆனால் மனம் தேறுவதற்கோ இரண்டு முதல் ஆறு வாரம் ஆகிறது! குறைந்ததை நிரப்புவது மட்டும்தான் வேலை என்றால் அன்று மாலையே சுகம் தெரிய வேண்டாமா? இடைப்பட்ட வாரங்களில் மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

வாடும் கிளைகள்

இதற்கான விடையை விஞ்ஞானிகள் நரம்புக் கலத்தின் கிளைகளில் கண்டார்கள்.

எமக்கு ஓர் ஆபத்தோ மனக்கஷ்டமோ வந்தால், மூளையின் அடியில் உள்ள ஒரு பகுதி கட்டளை அனுப்பும். அது ஒரு சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பியைத் தூண்ட, கோட்டிசோல் என்ற ஹோர்மோன் இரத்தத்தில் கலக்கும். ஓடவும் போராடவும் உடலுக்குத் தெம்பு தருவது இது. ஆபத்து நீங்கியதும் மூளை இதற்கு 'பிரேக்' போட வேண்டும். அந்த பிரேக்கில் முக்கிய பங்கு ஹிப்போகம்பஸ் என்ற பகுதிக்கு உண்டு. கடற்குதிரை போன்ற வடிவம் கொண்டது. ஞாபகத்துக்கும் பொறுப்பானது.

கஷ்டம் மாதக் கணக்கில் நீண்டால் என்ன நடக்கும்? மிதமிஞ்சிய கோட்டிசோல் ஹிப்போகம்பஸின் கலங்களையே தாக்கும். மிருகங்களில் செய்த ஆய்வுகளில், நீடித்த நெருக்கடிக்கு உள்ளான கலங்களின் கிளைகள் குறுகிப்போவதை 1990களிலேயே நுணுக்குக்காட்டியில் கண்டார்கள். கிளை குறுகினால் இணைப்புகள் குறையும். இணைப்புகள் குறைந்தால் பிரேக் தளரும். பிரேக் தளர்ந்தால் கோட்டிசோல் இன்னும் கூடும். மனச்சோர்வு உள்ளவர்களில் கணிசமானோருக்கு இந்த பிரேக் சரியாக வேலை செய்வதில்லை. "மனதைத் திடப்படுத்திக்கொள்" என்று சொல்வது ஏன் எடுபடுவதில்லை என்பது இப்போது விளங்குகிறதா? திடப்படுத்த வேண்டிய உறுப்பே அல்லவா பலவீனப்பட்டிருக்கிறது!

மனிதர்களிலும் இதன் அடையாளங்கள் உண்டு. 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 1,728 மனச்சோர்வு நோயாளிகளின் மூளைப் படங்களை, நோயில்லாத 7,199 பேரின் படங்களோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் ஹிப்போகம்பஸ் சராசரியாக 1.24 சதவீதம் சிறிதாக இருந்தது. சிறு வித்தியாசம்தான். படத்தைப் பார்த்து ஒருவருக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று: நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களில்தான் இது தெரிந்தது. முதல் தடவை வந்தவர்களில் தெரியவில்லை. நேரத்தோடு வைத்தியம் செய்ய வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். 2019இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், உயிரோடு உள்ளவர்களின் மூளையில் நரம்பு இணைப்புகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்று அளந்து பார்த்தபோது, நோய் கடுமையாக உள்ளவர்களில் அந்த நெருக்கம் குறைந்திருந்தது.

கிளைக்கு உரம்

முற்றத்தில் நிற்கும் மல்லிகை வாடினால் என்ன செய்வோம்? தண்ணீரும் பசளையும் இடுவோம். நரம்புக் கலத்துக்கும் பசளை போன்ற ஒரு புரதம் உண்டு. 1982இல் ஜேர்மனியில் இரு விஞ்ஞானிகள் பன்றியின் மூளையிலிருந்து அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். பீ.டீ.என்.எஃப். என்று சுருக்கமாக அழைப்பார்கள். கலம் பிழைத்திருக்கவும், கிளை விடவும், புதிய இணைப்பு உண்டாகவும் இது வேண்டும். நீடித்த நெருக்கடியில் மூளையில் இது குறைகிறது. வைத்தியம் பெறாத மனச்சோர்வு நோயாளிகளின் இரத்தத்திலும் இது குறைவாக இருப்பதை 2002 முதல் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இப்போது குளிசைக்கு வருவோம். குளிசை ஒழுங்கையில் செரட்டோனினைக் கூட்டுகிறது. அது மறு கலத்தின் கதவைத் தட்டுகிறது. அந்தத் தட்டல் கலத்தின் உள்ளே ஒன்றன் பின் ஒன்றாகப் பல மாற்றங்களைக் கிளப்பி, கடைசியில் கருவைப் போய்ச் சேர்கிறது. அங்கே உறங்கிக் கிடந்த சில பரம்பரை அலகுகள் விழிக்கின்றன. அவற்றின் கட்டளைப்படி பசளைப் புரதம் தயாராகிறது. அதைக் கொண்டு வாடிய கிளைகள் துளிர்க்கின்றன, அறுந்த இணைப்புகள் மீண்டும் சேர்கின்றன. பசளைப் புரதம் வந்து ஒட்டும் கதவிலேயே இந்தக் குளிசைகள் நேரடியாகவும் ஒட்டுகின்றன என்று பின்லாந்தின் ஹெல்சின்கி ஆய்வாளர்கள் 2021இல் அறிவித்தார்கள்.

சகோதரியே, முருங்கைக் கிளையை நட்டுவிட்டு மறுநாள் காலையில் காய் பறிக்கப் போவோமா? கட்டையாக நிற்கும் அந்தக் கிளையில் வெளியே எதுவும் தெரியாத நாட்களில்தான் உள்ளே வேர் பிடிக்கிறது. பத்தாம் நாள் "இது பட்டுவிட்டது" என்று பிடுங்கி எறிந்தால் பிழை கிளையிலா, எம்மிலா? குளிசையின் பத்தாம் நாளும் அப்படித்தான். வயிற்றுப் பிரட்டல் போன்ற பக்க விளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். பலனோ அதற்குப் பிறகுதான் தலைகாட்டும். கஷ்டம் முதலில், சுகம் பின்னால். இந்த ஒழுங்கைத் தெரியாததால்தான் எத்தனையோ பேர் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள்.

கிளைகள் துளிர்ப்பதுதான் சுகத்தின் வழி என்பதற்கு இன்னொரு சான்று கெட்டமின். சத்திரசிகிச்சையில் மயக்க மருந்தாகப் பயன்படுவது. 2000ஆம் ஆண்டு யேல் ஆய்வாளர்கள் ஏழு மனச்சோர்வு நோயாளிகளுக்கு இதைச் சிறிதளவு ஊசி வழியாகக் கொடுத்தார்கள். வாரங்கள் அல்ல, மூன்று நாளுக்குள்ளேயே தேற்றம் தெரிந்தது. இது செரட்டோனின் வழியாக அல்லாமல் குளூட்டமேற்றின் வழியாக வேலை செய்து, பசளைப் புரதத்தை உடனே வெளிவரச் செய்கிறது. 2010இல் எலிகளில் பார்த்தபோது ஒரே நாளில் புதிய இணைப்பு முளைகள் தோன்றியிருந்தன. இதன் ஒரு வடிவம் மூக்கு வழி மருந்தாக 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் இது வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே தரப்படுவது. பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே எல்லோருக்குமான மருந்தல்ல.

பெண்களை ஏன் அதிகம் தாக்குகிறது?

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கூடுதலாகக் காணப்படுகிறது. வாழ்க்கைச் சுமை இதில் பெரும் பங்கு வகிக்கிறது. பரம்பரையும் உண்டு. இரட்டையர்களில் செய்த ஆய்வுகளின்படி நோய் வரும் வாய்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பரம்பரைக்குச் சேரும். ஆனால் இதற்கென ஒரே ஒரு பரம்பரை அலகு கிடையாது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு 102 இடங்களைச் சுட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஆகவே "அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்காதே" என்று பேசுவதற்கு இதில் எந்த நியாயமும் இல்லை.

ஹோர்மோன்களின் பங்கைப் பிள்ளைப்பேறு தெளிவாகக் காட்டுகிறது. கர்ப்ப காலத்தில் ஈஸ்திரஜன், புரொஜெஸ்டரோன் ஆகியவை பன்மடங்காகக் கூடுகின்றன. பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே இரண்டும் சரிந்து விழுகின்றன. புரொஜெஸ்டரோனிலிருந்து மூளையில் அலோபிரெக்னனொலோன் என்ற பொருள் உண்டாகிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற தூதுப் பொருளுக்கு இது கைகொடுப்பது. திடீரென இது குறையும்போது சில பெண்களின் மூளை புதிய நிலைக்குப் பழக முடியாமல் தடுமாறுகிறது.

பிள்ளை பெற்ற முதல் வாரத்தில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் நடப்பது. இரண்டு வாரத்துக்குள் அது தானாகப் போய்விடும். போகாமல் நீடித்தால், அல்லது பிறகு தொடங்கினால், அது நோயாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணிகளிலும் பிள்ளை பெற்றவர்களிலும் பத்தில் ஒருவருக்காவது மனநலப் பாதிப்பு வருகிறது. அதில் முதன்மையானது மனச்சோர்வு. அலோபிரெக்னனொலோனின் வழியிலேயே செயல்படும் சுரனொலோன் என்ற குளிசைக்கு அமெரிக்காவில் 2023 ஆகஸ்ட்டில் அனுமதி கிடைத்தது. பதினான்கு நாள் குடிப்பது. பழைய குளிசைகளாலும் இந்த நோய் குணமாகிறது. பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பொருத்தமானவையும் அவற்றில் உண்டு. செர்ட்ரலின் என்ற மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே சேர்கிறது. ஆகவே பால் கொடுப்பதை நிறுத்தவோ, பாலுக்காகக் குளிசையை நிறுத்தவோ நீங்களாக முடிவெடுக்காதீர்கள். டொக்டரிடம் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1987இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில், பிள்ளை பெற்ற தாய்மாருக்கென பத்தே கேள்விகள் கொண்ட ஒரு வினாக்கொத்தை உருவாக்கினார்கள். தமிழிலும் அது உண்டு. உங்கள் பகுதி மருத்துவ மாது வீட்டுக்கு வரும்போது பிள்ளையின் நிறையை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். தாயின் மனநிலையையும் சொல்லுங்கள்.

டொக்டரிடம் போனால் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் இரத்தச்சோகை இருந்தாலும் இதே சோர்வு தோன்றும். அவற்றுக்கு வைத்தியம் வேறு. முன்பு எப்போதாவது மிதமிஞ்சிய உற்சாகம், நித்திரையே தேவைப்படாத துடிப்பு என்று சில நாட்கள் இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படியானவர்களுக்கு மருந்து மாறும்.

குளிசை தொடங்கினால் நான்கு முதல் ஆறு வாரமாவது கொடுத்துப் பாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டால் டொக்டர் வேறொன்று தருவார். முதல் குளிசையே எல்லோருக்கும் சரிவருவதில்லை. சுகமான பின்பும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். புதிதாகத் துளிர்த்த கிளைகள் உறுதிப்பட வேண்டுமல்லவா? இவை போதைப் பொருட்களைப் போல மேலும் மேலும் கேட்கத் தூண்டுபவை அல்ல. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, படபடப்பு வரும். ஆகவே டொக்டர் சொல்லும் விதத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நோன்பு காலத்தில் ஒரு வேளைக் குளிசையை இப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்வது பற்றி முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குளிசை மட்டும்தான் வழி என்றும் எண்ண வேண்டாம். பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரோடு முறையாகப் பேசிச் செய்யும் சிகிச்சை, லேசான நோயிலும் நடுத்தர நோயிலும் குளிசைக்கு நிகரான பலன் தருகிறது. நாளாந்தம் நடப்பதும் நல்ல நித்திரையும் அதே கிளைகளுக்கு ஊட்டம்தான். முன்னே சொன்ன அல்பல்கீயும், வீட்டில் அவசரத்துக்கு மருந்து வைத்திருப்பது போல, மனம் நலமாயிருக்கும் வேளையிலேயே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இன்னுமொன்று. "செத்துப் போனால் நல்லம்" என்று ஒருவர் சொன்னால் அதட்டி வாயை மூடாதீர்கள். அப்படி ஓர் எண்ணம் இருக்கிறதா என்று மெதுவாக, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதல்தான் உண்டாகும். குளிசை தொடங்கிய முதல் வாரங்களில், முக்கியமாக இளம் வயதினரை, இன்னும் கூடுதலாகக் கவனித்துக்கொள்ளுங்கள். அவரைத் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவையையும் அழைக்கலாம்.

மாமிமாரே, மதினிமாரே, உம்மாமாரே! அந்தப் பிள்ளை பெற்றவளின் குளிசை இன்னும் உங்கள் அலுமாரிக்குள்தான் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அவளையும் அழைத்துக்கொண்டு மறுபடி டொக்டரிடம் போங்கள். "பத்து நாளில் நிறுத்திவிட்டோம்" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். திரும்பத் தொடங்கினால், அந்தச் சில வாரங்களுக்குப் பிள்ளையைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒரு பாட்டமாவது அவளை உறங்க விடுங்கள். ஒரு கவளம் சோற்றைக் கையில் கொடுங்கள். "ஏன் இன்னும் சுகமில்லை?" என்று ஒவ்வொரு நாளும் கேட்காதீர்கள்.

ஒரு நாள் காலையில் அவள் தானாகவே எழும்பி, பிள்ளையைத் தூக்கி, "மாமி, தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்பாள். உள்ளே கிளை துளிர்த்துவிட்டது என்பது அப்போது உங்களுக்குத் தெரியும்.